தினம் 70 கி.மீ. ஓட்டத்துக்குச் சின்ன டீசல் கார்: இந்தக் காலத்துல எடுக்கலாமுங்களா?

#1 · ஆழியார்க்காத்து

வணக்கமுங்க. ரெண்டு வருசமா ஓரமா நின்னு படிச்சிட்டு இருந்தவன், இப்பத்தான் வாயத் தொறக்கறேன்.

வீடு பொள்ளாச்சி. வேலை கோயமுத்தூர் குறிச்சி சிட்கோவுல ஒரு பம்ப் கம்பெனி. ஒரு நடை 35 கி.மீ., போக வர 70. ரோடு நாலு வழி ஆனதுல இருந்து ஓட்டறதே தெரியறதில்லை. இப்ப இருக்கறது 2011 வேகன்ஆர், பெட்ரோல், 1,32,000 ஓடியிருக்கு. நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனா சம்சாரத்துக்கு ஊரு வால்பாறை. மாசம் ஒருக்கா நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு பேரு, அம்மா, அப்புறம் ஒரு மூட்டை தேங்காய்னு மலையேறணும். ஏசியை அணைச்சு, ரெண்டாவது கியர்ல கத்த விட்டு ஏத்தறதுக்குள்ள பின்னாடி வர்ற கவர்மெண்டு பஸ் டிரைவர் ஹாரன்லயே நம்ம பரம்பரையை விசாரிச்சுருவாரு.

பட்ஜெட் ஆன்ரோடு 11 லட்சம். 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி குறைஞ்சதுல 4 மீட்டருக்குள்ள, 1500 சிசிக்குள்ள இருக்கற டீசல் காருக்கு 31ல இருந்து 18 சதவீதம் ஆயிருச்சு. அதுல இருந்துதான் இந்த ஆசையே வந்துச்சுங்க. ஹேட்ச்பேக்ல பார்த்தா டாடா அல்ட்ரோஸ் ஒண்ணுதான் டீசல்ல நிக்குது. நெக்ஸான், சோனெட், வென்யூ, 3எக்ஸ்ஓ எல்லாத்துலயும் டீசல் இருக்கு, ஆனா எனக்குப் பிடிச்ச மாடலுக்கு வந்தா விலை 10 லட்சத்தைத் தாண்டுது. தாண்டினா நம்ம ஊரு லைஃப் டாக்ஸ் 13ல இருந்து 18க்குத் தாவுது, அது வயித்தெரிச்சல்.

கேக்கற ஆளெல்லாம் "டீசல் செத்துப்போச்சு, போய்ப் பெட்ரோல் எடு"ங்கறாங்க. ஓட்டறவங்க சொல்லுங்க.

#2 · பேரேடு

தினம் 70 என்பது கணக்கு ஆகாது. மாதம் எவ்வளவு? லீவு, பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் கழித்துச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு மாதம் 2000 கி.மீ. என்றே வைத்துக்கொள்கிறேன். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் (சில்லறையை விட்டுவிட்டேன்). உங்களுக்கு எதிராளி புது ஸ்விஃப்ட் பெட்ரோல். கம்பெனி சொல்வது 24.8, நெடுஞ்சாலையில் கையில் கிடைப்பது 20 என்று வையுங்கள். டீசலுக்கு 22.

பெட்ரோல்: 100 லிட்டர், 10,100 ரூபாய்.
டீசல்: 91 லிட்டர், 8,460 ரூபாய்.

மாதம் 1,640 மிச்சம். வருடம் 19,700. டீசலுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது?

#3 · ஆழியார்க்காத்து

ஷோரூம்ல குடுத்த கொட்டேஷன்படி ஒண்ணேகால் லட்சம் கூடங்க, ஆன்ரோடு.

#4 · பேரேடு

ஆறு வருடம் நாலு மாதம். அதுவரைக்கும் சேமிப்பு என்று ஒரு காசு கிடையாது. அந்த ஒன்றேகால் லட்சத்துக்கான லோன் வட்டியையும், டீசல் சர்வீஸுக்கு ஆகும் கூடுதல் செலவையும் நான் இன்னும் தொடவே இல்லை.

#5 · சாந்தி_இல்லம்_திருப்பூர்

பேரேடு அண்ணா எந்த இழைக்கு வந்தாலும் ஒரு வீட்டுல இழவு விழுந்த மாதிரி ஆயிடுது :)

நான் 2013 ஸ்விஃப்ட் டீசல் வெச்சிருக்கேன். 1,68,000 கி.மீ. தினமும் திருப்பூர் அவிநாசி, வாரத்துக்கு ரெண்டு தடவை ஈரோடு. அந்த 1248 சிசி இன்ஜின் ஃபியட்டோடது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புண்டோ, லீனியா, இண்டிகா விஸ்டா எல்லாத்துக்குள்ளயும் அதேதான். தேசிய இன்ஜின்னு சும்மாவா பேரு வெச்சாங்க? 2005ல இண்டர்நேஷனல் இன்ஜின் ஆஃப் தி இயர்ல அதோட சிசி பிரிவுப் பரிசு வாங்கின இன்ஜின். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழ தூங்கும், அதுக்கு மேல போனா சாமி வந்த மாதிரி இழுக்கும். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். இத்தனை வருஷத்துல கிளட்ச் ஒரு தடவை, சஸ்பென்ஷன் வேலை ரெண்டு தடவை. வேற எதுவும் இல்ல.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே மூட்டை கட்டிடுச்சு. என்னைக் கேட்டா புதுசு வேண்டாம். 2018, 19 மாடல் டிசையர் டீசல் நல்ல கைமாறல்ல கிடைச்சா எடுத்துடுங்க. புகைக் கரியைப் பிடிக்கற டிபிஎஃப் ஃபில்டர் தலைவலியும் கிடையாது.

#6 · ஆழியார்க்காத்து

டிபிஎஃப் பத்தித்தானுங்க எனக்குப் பயம். நெறையப் பேரு நெறைய மாதிரி சொல்றாங்க.

#7 · கரிப்புகை

மதுரைல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன்ணே. இத ஒரு தடவ வெளக்கமாச் சொல்லிர்றேன், அப்பறம் யாரும் கேக்காதீக.

டிபிஎஃப்ங்கிறது புகை போற பைப்புல இருக்கிற பீங்கான் தேன்கூடு. பக்கத்துப் பக்கத்துல குழா குழாயா இருக்கும். ஒண்ணு முன்னாடி தொறந்து பின்னாடி அடைச்சிருக்கும், அடுத்தது முன்னாடி அடைச்சுப் பின்னாடி தொறந்திருக்கும். அதனால புகை நேராப் போக முடியாது, சுவத்துக்குள்ள ஊறித்தான் அந்தப் பக்கம் போகணும். கரி இந்தப் பக்கமே தங்கிரும். காப்பி ஃபில்டர் மாதிரி நெனச்சுக்கங்க.

தங்கிக்கிட்டே இருந்தா அடைச்சுக்கிரும்ல? அதனால அப்பப்ப எரிச்சு விடணும். அதுக்கு 600 டிகிரி பக்கம் சூடு வேணும். மதுரைல இருந்து திருச்சிக்கு நிதானமாப் போறவனுக்கு கரி பாதி தன்னாலயே எரியும். மிச்சத்துக்குக் கம்ப்யூட்டர் எக்ஸ்ட்ரா டீசலத் தெளிச்சுச் சூட்ட ஏத்தும். பதினஞ்சு இருவது நிமிசம் ஆகும். இதுக்குப் பேருதான் ரீஜென். ஓட்டுறவனுக்குப் பாதி நாள் தெரியவே தெரியாது.

பிரச்சன எங்க வருதுன்னா, ரீஜென் ஓடிக்கிட்டு இருக்கும்போதே வீடு வந்துருச்சுன்னு சாவியத் திருப்பிருவாய்ங்க. வேல பாதில நின்னுரும். மறுநாளு மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி பாதில அணைப்பாய்ங்க. நாலஞ்சு தடவ இப்படி ஆச்சுன்னா லைட் எரியும். லைட் எரிஞ்ச அன்னைக்கே ரிங் ரோட்டுல ஏறி ஒரு கியரக் கொறச்சு வெச்சு 60க்கு மேல இருவது நிமிசம் ஓட்டுனா முடிஞ்சு போச்சு, பத்துப் பைசா செலவில்ல. ஆனா லைட்டப் பாத்தும் பாக்காம ரெண்டு வாரம் ஓட்டிட்டு, வண்டி இழுக்கலன்னு என்கிட்ட வருவாய்ங்க. அப்பறம் கம்ப்யூட்டர மாட்டி நிப்பாட்டி வெச்சு எரிக்கணும். அதுவும் கேக்கலைன்னா கழட்டணும்.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல. அந்த எக்ஸ்ட்ரா டீசல்ல கொஞ்சம் சிலிண்டர் சுவத்து வழியா கீழ எறங்கி ஆயில்ல கலந்துரும். அடிக்கடி பாதில நின்னா ஆயில் குச்சில அளவு கொறையிறதுக்குப் பதிலா ஏறும். ஏறுதேன்னு சந்தோசப்படாதீக, ஆயில் தண்ணியாகிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

எரிஞ்ச கரி போயிரும், ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் போகாது. அதனால சாம்பல் கம்மியான ஆயில்தான் ஊத்தணும். மேனுவல்ல என்ன கிரேடு போட்டிருக்கோ அது. ரெண்டு நூறு ரூவா மிச்சம்னு லாரிக்கு ஊத்துற ஆயில ஊத்திட்டு வந்தவரு ஒருத்தரு இருக்காரு. அவரு கத அப்பறம்.

பெருசுக பழக்கம் ஒண்ணு இருக்கு, காலைல ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிசம் சும்மா ஓட விட்டுச் சூடேத்துறது. அந்தக் கால இண்டிகாவுக்குச் சரி. இதுக்கு அதுதான் எமன். ஸ்டார்ட் பண்ணு, பெல்ட்ட மாட்டு, கெளம்பு. மொத ரெண்டு கி.மீ. மெதுவா மிதி, போதும்.

"டிபிஎஃப்ப நோண்டி எடுத்துட்டு வெறும் பைப் வெச்சுத் தாரேன்"னு சொல்றவன்கிட்டப் போகாதீக. சட்டப்படி தப்பு, வாரண்டியும் போகும், பின்னாடி ஸ்கூட்டர்ல புள்ளைய வெச்சுக்கிட்டு வர்றவுக மூஞ்சில அந்தக் கரி போகும்.

பொள்ளாச்சி அண்ணனுக்கு வருவோம். ஒரே மூச்சுல 35 கி.மீ. நாலு வழி ரோடு. டிபிஎஃப்புக்கு இதவிட நல்ல சாப்பாடு கெடையாது. நீங்க பயப்பட வேண்டியதில்ல.

#8 · ரிட்டயர்ட்_வாத்தியார்

மேலே கரிப்புகை தம்பி எழுதியதை நான் மூன்று வருடம் முன்பு படித்திருந்தால் எனக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

பணிக்கொடை வந்ததும் ஆசையாக ஒரு பிஎஸ்6 டீசல் எடுத்தேன் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், குற்றம் என்னுடையது). விடியற்காலை கோவில், ஒன்றரை கி.மீ. பிறகு நூலகம், ஒரு கி.மீ. மாலையில் பேத்தியை டியூஷனில் விடுவது, இரண்டு கி.மீ. வண்டி வாங்கியதிலிருந்து நெடுஞ்சாலையைக் கண்டது மூன்றோ நான்கோ முறைதான். எட்டாவது மாதம் மஞ்சள் விளக்கு வந்தது. ஏதோ சென்சார் என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து வண்டி நாற்பதுக்கு மேல் போக மறுத்தது. நிறுத்தி வைத்து எரித்து, ஆயிலையும் மாற்றி, நான்காயிரத்துச் சொச்சம். ஐந்து மாதம் கழித்து அதே கதை மறுபடியும்.

விற்றுவிட்டேன். இப்போது பெட்ரோல் சிறு கார். ஷோரூமில் தினம் எத்தனை கி.மீ. ஓட்டுவீர்கள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

#9 · லண்டன்_மழை

அண்ணை, இஞ்ச நிலைமை வேற. 2015க்கு முதல் வந்த டீசல் காரெண்டால் கனக்க யூரோ 6 இல்லை. அப்பிடிக் கார் வச்சிருந்தால், புகை கூடின காருக்குப் போடுற யூலெஸ் எண்டு ஒரு நாளைக்கு 12.50 பவுண்ஸ் கட்டவேணும். 2023 ஆகஸ்ட்டில இருந்து முழு லண்டனுக்கும் அது வந்திட்டுது. என்ர மச்சான் அருமையான டீசல் காரை அரை விலைக்குக் குடுத்தவன். நாளைக்கு உங்க ஊரிலயும் அப்பிடிச் சட்டம் வந்தால் என்ன செய்யிறது எண்டு யோசிச்சு வாங்குங்கோ.

#10 · ஆழியார்க்காத்து

அது லண்டனுங்ணா, இது கிணத்துக்கடவு :) ஆனா டெல்லில பத்து வருச டீசலை ஓட்டக்கூடாதுன்னு சட்டம் போட்டது மனசுல உறுத்தலாத்தான் இருக்கு.

#11 · புது_எல்போர்டு

அதையே நான் கேக்க வந்தேன். டெல்லில பத்து வருஷம் ஆகப்போற டீசல் வண்டி எல்லாம் ரொம்ப மலிவா போட்டிருக்காங்களே? ஒன்றரை லட்சத்துக்கு டிசையர் டீசல் பாத்தேன். வாங்கி இங்க ஓட்டினா லாபம்தானே?

#12 · மஞ்சள்போர்டு

தம்பி, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அங்க இருந்து ஆட்சேபணை இல்லைன்னு என்ஓசி வாங்கணும், இங்க வண்டியக் கொண்டாந்து காட்டணும், தமிழ்நாட்டுக்கு மறுபடி டாக்ஸ் கட்டணும், நம்பர் மாத்தணும். அது முடியற வரைக்கும் செக்போஸ்ட்டுல நிறுத்துற ஒவ்வொருத்தருக்கும் கதை சொல்லணும். வண்டி அங்க என்ன பாடுபட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்? டாக்ஸியா ஓடிட்டு வெள்ளை போர்டு மாட்டினதா இருந்தா மீட்டர் 3 லட்சத்துல இருந்து 80 ஆயிரத்துக்குத் திரும்பியிருக்கும். மீட்டரை நம்பாத, டிரைவர் சீட்டோட ஓரத்தையும் பிரேக் பெடல் ரப்பரையும் பாரு. அது பொய் சொல்லாது.

டெல்லி சட்டம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015ல போட்டது, சுப்ரீம் கோர்ட் 2018ல உறுதி பண்ணது, 2025ல அதுவே கொஞ்சம் தளர்த்தியும் விட்டுச்சு. அது அந்த வட்டாரத்துக்கு மட்டும். தமிழ்நாட்டுல 15 வருஷம் ஆர்சி ஓடும், அப்புறம் எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டிட்டுப் புதுப்பிச்சுக்கலாம்.

நான் 2009ல இருந்து டாக்ஸி ஓட்டறேன். 2012ல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் வித்தியாசம் இருந்துச்சு. அப்ப டீசல் எடுக்காதவன்தான் கிறுக்கன். 2014 அக்டோபர்ல டீசல் விலையையும் சந்தைக்கு விட்டாங்க, வித்தியாசம் கரைஞ்சு இப்ப எட்டு ரூபாய்ல நிக்குது. எங்க ஸ்டாண்டுல இன்னிக்கு பாதிப் பேரு சிஎன்ஜி. ஆனா சொந்த வண்டிக்கு அதைச் சொல்ல மாட்டேன். டிக்கில சிலிண்டர் உக்காந்துக்கும், தேங்காய் மூட்டைய மடியில வெச்சுக்கிட்டுத்தான் போகணும். பங்க்ல கியூ வேற.

டீசல் எடுத்தா ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க. பங்க்ல இறங்கி நின்னு "டீசல்"னு ரெண்டு தடவை சொல்லுங்க, நாசில் எந்தக் குழாய்ல இருந்து வருதுன்னு பாருங்க. சின்ன கார்னா பெட்ரோல்னு கை தானா போகும் பசங்களுக்கு. எனக்கே ஒரு தடவை ஊத்திட்டான். தப்பா ஊத்திட்டா சாவியே போடக்கூடாது, தள்ளிட்டு ஓரமா விட்டு டேங்கைக் காலி பண்ணணும். ஸ்டார்ட் பண்ணிட்டா பம்ப்ல ஆரம்பிச்சு இஞ்செக்டர் வரைக்கும் போகும், பில்லப் பாத்தா மயக்கம் வரும்.

#13 · சாந்தி_இல்லம்_திருப்பூர்

எத்தனாலைப் பத்தி யாரும் பேசலையே? எங்க வீட்டு இன்னொரு வண்டி பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததுல இருந்து மைலேஜ் பாதியா போச்சுன்னு வீட்டுக்காரர் புலம்பறார். டீசல்ல அந்தக் கவலையே இல்ல.

#14 · பேரேடு

பாதியாகப் போகாது, அம்மா. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதை 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 6, 7 சதவீதம் குறையும். சுத்தப் பெட்ரோலில் 18 கொடுத்த வண்டி 17க்குச் சற்றுக் கீழே வரும். பாதியாகிவிட்டது என்றால் காற்று வடிகட்டியையோ, ஓட்டுபவரின் வலது காலையோ பார்க்க வேண்டும்.

எத்தனாலால் 2011 வேகன்ஆரின் ரப்பர் குழாய்கள் கெடுமோ என்று ஆழியார்க்காத்து கவலைப்பட்டால் அது நியாயம். அது வேறு கேள்வி.

இப்போது என் முதல் கேள்விக்கு வருவோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. மாதம் எவ்வளவு கி.மீ.? ஷிஃப்ட் உண்டா? கம்பெனி பஸ் உண்டா?

#15 · ஆழியார்க்காத்து

போலீஸ்ல இருந்தீங்களாங்ணா?

நைட் ஷிஃப்ட் மாசத்துல ஒரு வாரம் வரும். அப்ப கம்பெனி பஸ்தான், தூங்கிட்டே வந்துருவேன். அதை மறந்தே போயிட்டேன். சரி, கணக்கை மனசுல போட வேண்டாம். ரெண்டு வாரம் டேஷ்போர்டுல ஒரு நோட்டு வெச்சு, எப்ப எடுத்தேன், எங்க போனேன், எத்தனை நிமிசம்னு எழுதிட்டு வந்து போடறேன்.

#16 · நாப்பதாம்_வளைவு

நோட்டு எழுதும்போது மலையையும் எழுதுங்க. நான் வால்பாறைதான். வாரம் ஒரு தடவையாவது பொள்ளாச்சி இறங்கி ஏறணும். ஆழியார்ல ஆரம்பிச்சு மேல வரைக்கும் 40 கொண்டை ஊசி.

இங்க பேசறது எல்லாம் மைலேஜ். மலைல பேச்சு வேற. புது ஸ்விஃப்ட் பெட்ரோலோட இழுவை (டார்க்) 111 நியூட்டன் மீட்டர் சொச்சம், அதுவும் 4300 ஆர்பிஎம்ல. அல்ட்ரோஸ் டீசல் 200, அது 1250லயே வந்துடுது. இதைப் படிச்சா நம்பர். கொண்டை ஊசில வண்டி கிட்டத்தட்ட நின்னுடுது, பின்னாடி அஞ்சு பேரு, மேல இருந்து பஸ் இறங்கறான், உடனே நகரணும். பெட்ரோல்ல ஃபர்ஸ்ட்டுக்கு வந்து 4000 வரைக்கும் கத்த விடணும். டீசல்ல செகண்ட்லயே காலை வெச்சா ஏறிடும். வண்டில இருக்கற பெரியவங்களுக்கு வாந்தி வராது, அதுதான் பெரிய லாபம். உயரம் ஏற ஏறக் காத்து மெலிசாகும், டர்போ இல்லாத இன்ஜின் இன்னும் கொஞ்சம் சோர்ந்துடும்.

ஆனா ஒண்ணு. இறங்கும்போது டீசல், பெட்ரோல் எதுவா இருந்தாலும் ஏறின கியர்லயே இறங்குங்க. நியூட்ரல்ல விட்டு மிச்சம் பிடிக்கறவங்க பிரேக் வாசனை ஆழியார் செக்போஸ்ட் வரைக்கும் வருது. ஒன்பதாவது வளைவுல வரையாடு நிக்கும், வேகமா வராதீங்க. போட்டோ எடுக்க நடுரோட்டுல நிறுத்தறவங்களையும் வரையாட்டையும் ஒரே மாதிரிப் பார்த்து ஓட்டணும்.

#17 · கரிப்புகை

மல ஏறி வந்தவுடனே டர்போ வண்டிய டக்குனு அணைக்காதீக. ஒரு அர நிமிசம் ஐடில்ல விடுங்க. டர்போவுக்குள்ள ஆயில் ஓடிச் சூடு எறங்கட்டும். காலைல பத்து நிமிசம் வேணாம்னு சொன்னேன், இது அர நிமிசம். ரெண்டையும் கொழப்பிக்காதீக.

#18 · ஆழியார்க்காத்து

நோட்டு முடிஞ்சுது. ரெண்டு வாரத்துக்குப் பதிலா மூணு வாரம் எழுதிட்டேன், நடுவுல நைட் ஷிஃப்ட் வாரமும் வரட்டும்னு.

மாசக் கணக்குக்கு மாத்தினா: கம்பெனிக்கு 19 நாள், 1,330 கி.மீ. வால்பாறை போக வர 130. ஊருக்குள்ள மார்க்கெட்டு, ஆஸ்பத்திரி, கல்யாணம்னு ஒரு 50. மொத்தம் 1,500ஐ ஒட்டி. நான் மனசுல நெனச்சிட்டிருந்தது 2,100. எழுதிப் பார்த்தப்பத்தான் தெரியுது, 600 கி.மீ. நான் ஓட்டவே இல்லை, பெருமைக்குச் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

டிபிஎஃப் பக்கம் பார்த்தா பிரச்சனை இல்லை. கம்பெனி போற ஒவ்வொரு நடையும் 45, 50 நிமிசம், நடுவுல நிக்கறது ஈச்சனாரில மட்டும். நைட் ஷிஃப்ட் வாரத்துல மட்டும் வண்டி வீட்டுலயே நின்னு, மார்க்கெட்டுக்குப் போறதோட சரி.

#19 · பேரேடு

1,500க்கு: பெட்ரோல் 75 லிட்டர், 7,575 ரூபாய். டீசல் 68 லிட்டர், 6,340 ரூபாய். மாதம் 1,235 மிச்சம். ஒன்றேகால் லட்சத்தை எடுக்க எட்டு வருடம் ஐந்து மாதம்.

பெட்ரோல் எடுங்கள்.

#20 · சாந்தி_இல்லம்_திருப்பூர்

இல்லைனா பழைய டிசையர் :) நான் சொன்னது அப்படியே இருக்கு.

#21 · ஆழியார்க்காத்து

பழைய வண்டி மூணு பார்த்தேனுங்க. ஒண்ணு காலைல குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது செயின் சத்தம் கொலுசு மாதிரி. இன்னொண்ணுல பின்னாடி சீட்டுக்கடியில மண்ணு, வெள்ளத்துல நின்ன வண்டி. மூணாவது நல்லா இருந்துச்சு, நான் யோசிக்கறதுக்குள்ள உடுமலைக்காரர் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு.

அல்ட்ரோஸ் ரெண்டையும் ஓட்டிப் பார்த்தேன். பெட்ரோல் அமைதி, கிளட்ச் லேசு. டீசல் ஸ்டார்ட் பண்ணினதும் சின்ன நடுக்கம், சத்தம் உள்ள வருது, ஆட்டோமேட்டிக்கும் கிடையாது. இதெல்லாம் குறைதான். ஆனா ஷோரூம் பையனைக் கெஞ்சி, அம்மாவையும் சம்சாரத்தையும் பின்னாடி உக்கார வெச்சு, ஆழியார் தாண்டி நாலு வளைவு ஏத்திப் பார்த்தேன். மூணாவது வளைவுல அம்மா கேட்டாங்க, "ஏனுங்கண்ணு, இன்னும் மலை வரலையா?"ன்னு.

டீசல் புக் பண்ணிட்டேனுங்க.

பேரேடு அண்ணா, உங்க கணக்கு தப்புன்னு சொல்லலை.

#22 · பேரேடு

தப்பில்லை என்று எனக்கும் தெரியும். மலை ஏறும் சுகத்துக்கு ஒன்றேகால் லட்சம் கொடுக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம், உங்கள் பணம். அதைச் சேமிப்பு என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள். செலவு என்றே நோட்டில் எழுதுங்கள்.

#23 · ஆழியார்க்காத்து

எழுதிட்டேனுங்ணா. சம்சாரம் கையெழுத்தும் போட்டுட்டா.

#24 · ஆழியார்க்காத்து

(மூணு மாசம் கழிச்சு)

4,700 கி.மீ. ஆச்சு. டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிப் பார்த்ததுல கம்பெனி ஓட்டம் 21.6. மலையோட சேர்ந்த டேங்க் 17. மீட்டர் காட்டறது ரெண்டுலயும் ஒண்ணரை கூட, அதை நம்பாதீங்க.

உக்கடத்துப் பக்கம் சாயங்காலம் மாட்டினா இடது முட்டி வலிக்குது, கிளட்ச் கனம். பாலத்து மேல ஏறிட்டா தப்பிச்சேன்.

ரீஜென் ஒரு தடவை கையும் களவுமா மாட்டுச்சுங்க. நைட் ஷிஃப்ட் வாரம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை, மார்க்கெட்டுல இருந்து வந்து வாசல்ல நிறுத்தறேன், ஐடில் கொஞ்சம் ஏறி நிக்குது, ஃபேன் கத்துது, சூடான இரும்பு மாதிரி ஒரு வாசனை. முதல்ல பயந்துட்டேன். அப்புறம் கரிப்புகை அண்ணன் எழுதினது ஞாபகம் வந்து, தக்காளிக் கூடையோடயே உடுமலை ரோட்டுல ஏறிக் கால் மணி நேரம் ஓட்டிட்டு வந்தேன். ஐடில் இறங்கிருச்சு, லைட்டு எதுவும் வரலை. வீட்டுக்கு வந்தா சம்சாரம் வாசல்ல நின்னு, "தக்காளி வாங்கறதுக்கு உடுமலை வரைக்கும் போனீங்களா?"ங்கறா. என்னத்தை வெளக்கறது?

#25 · கரிப்புகை

நல்ல காரியம் பண்ணீக. குச்சில ஆயில் அளவு பாத்தீகளா?

#26 · ஆழியார்க்காத்து

பார்த்தேனுங்ணா, நடுவுலதான் நிக்குது.

#27 · புது_எல்போர்டு

அண்ணா, அந்த 2011 வேகன்ஆர் விலைக்கா? எனக்குத் தினம் நாலு கி.மீ.தான்.

#28 · ஆழியார்க்காத்து

இருக்குதுங்க தம்பி. ஞாயித்துக்கிழமை காலைல வாங்க, இன்ஜின் குளுந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. டேஷ்போர்டுல ஒரு நோட்டு கிடக்கும், அது மட்டும் எனக்கு வேணும்.